முழங்கை பட்ட இடம்

தலையும் தோளும் டிக்கிக்குள்ளே, இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே. அக்காவை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டு குட்டி இழுப்பு, பிறகு ஒரு நீளமான இழுப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வசவு வரும்.

"தண்ணி நின்னிருக்கு. வருஷக்கணக்கா நின்னிருக்கு. மேல கம்பளத்தப் போட்டு மூடிட்டா எனக்குத் தெரியாதா? எம் மூக்க என்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கேன்?"

வண்டியை விற்க வந்தவர் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். அக்கா வெளியே வந்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பாள். "உன்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்கானே" என்பாள் அதனிடம். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவள் குரல் இறங்கும். அடுத்த வாக்கியம் மனிதர்களுக்கானது, பழைய சுருதிக்கே ஏறிவிடும்.

அவள் வாங்கி விற்பது பழைய இத்தாலியக் கார்கள். அதிலும் எல்லாமில்லை. நீண்ட போனட், குறுகிய பின்பக்கம், முன்னால் இரண்டு பேருக்குத் தாராளமான இடம், பின்னால் பெட்டிகளுக்கோ சண்டை போடாத ஒரு குழந்தைக்கோ போதுமான இடம். கிராண்ட் டூரிங் என்று அந்த ரகத்துக்குப் பெயர். அதற்கு அக்கா தரும் விளக்கம் எளியது. "ராத்திரி ஒரு ஊர்ல சாப்பிட்டுக் கெளம்பணும். காலைல வேற தேசத்துல காபி குடிக்கணும். எறங்கும்போது சட்ட கசங்கியிருக்கக் கூடாது, முதுகு வலிக்கக் கூடாது, பக்கத்துல உக்காந்து வந்தவங்களோட மொறச்சிருக்கக் கூடாது. அதுக்குன்னு செஞ்ச வண்டி. காட்சிக்கு வெக்கிறதுக்கு இல்ல."

பட்டறையில் அவளுக்கு ரேடியேட்டர் என்று பெயர். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். காலையில் வேலைக்கு வரும் பெயின்டர் முதலில் மெக்கானிக்கிடம் கேட்பது "முள்ளு எங்க நிக்குது?" என்பதைத்தான். மெக்கானிக் எந்த வண்டியின் மீட்டரையும் பார்க்க மாட்டார். அலுவலக அறையின் கண்ணாடிக் கதவைத்தான் பார்ப்பார். "பாதிக்கு மேல" என்று பதில் வந்தால் பெயின்டர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். இது அக்காவுக்கும் தெரியும். "பேரு வெச்சது சரி, தண்ணி யாரு ஊத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். 

கோபத்துக்குக் காரணம் தேடினால் வாசல் பலகையிலேயே கிடைக்கும். அப்பா வைத்த தகரப் பலகை அது. 'பிரதர்ஸ் மோட்டார்ஸ்' என்று எழுதியிருக்கும். மூத்தவளாக அக்கா பிறந்த பிறகும், இனிமேல் வரப்போவதெல்லாம் பையன்கள்தான் என்ற நம்பிக்கையில் எழுதிய பலகை. வந்ததோ ஒரே ஒரு தம்பி. "எங்கப்பா கணக்குப்படி நானும் ஒரு தம்பிதான்" என்று அக்கா சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

உள்ளே வருகிறவர்கள் கிரீஸ் படிந்த ஏப்ரனும் குட்டையாக வெட்டிய நரைமுடியுமாக நிற்கும் அவளைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். ஆயுளில் பாதியை இந்த ஒரு கேள்வியிலேயே கழித்தவள் அவள். பதிலை அவ்வப்போது மாற்றிக்கொள்வாள். இப்போது புழக்கத்தில் இருப்பது இது: "சார் செத்துட்டாரு. நான் அவரோட ஆவி. என்ன வேணும்?"

அப்படி ஒரு சார் என்றைக்குமே இருந்ததில்லை. அவள் வீட்டுக்காரர் பஸ்ஸில்தான் போவார். வீட்டில் ஒருவராவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்பார்.

வாங்க வருகிறவர்களை அவள் துரத்துவதைப் பார்க்கவே தெருவில் சிலர் வேலை மெனக்கெட்டு நிற்பதுண்டு. ஹோட்டல் வரவேற்பறையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைக்க ஒருவர் வண்டி கேட்டார். "ஓடாம நிக்கிறதுக்கு ஒரு யானை பொம்ம வாங்கிக்கோங்க, தும்பிக்கையாவது இருக்கும்" என்று வழியைக் காட்டினாள். இன்னொருவர் கதவைத் திறக்காமலே, இஞ்சின் சத்தத்தைக் கேட்காமலே, இது சில வருடங்களில் எவ்வளவு ஏறும் என்று விசாரித்தார். அவர் விரல் பட்ட இடத்தை ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவளிடம் வண்டி வாங்க வேண்டும் என்றால் முதலில் அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். பேசக் கூடாது. மூன்றாவது கியர் விழும்போது வாங்க வந்தவர் முகம் எப்படிப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அந்த முகத்தை வைத்துத்தான் விற்பதா வேண்டாமா என்ற முடிவு.

இன்னொரு பழக்கம், வந்த வண்டியைக் கழுவ விடமாட்டாள். முதல் நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடும் அங்கேதான். சீட்டுக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே, டேஷ்போர்டு இடுக்கில் கிடைப்பதையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி வைப்பாள். ஹேர்பின், சீப்பின் உடைந்த பல், யாரோ கடித்துவிட்டு வைத்த பென்சில். வண்டியோடு அந்தப் பையும் போகும். "அழுக்குதான் இதோட ஜாதகம். அதக் கழுவிட்டு வர்றவன் கிட்ட என்னத்தச் சொல்லி விக்கிறது?" எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் அவள் எல்லார் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டுவாள். பிரேக் கெட்டிருந்தால் மாற்று. வயர் கருகியிருந்தால் மாற்று. தோல் சீட்டில் சுருக்கம் விழுந்திருந்தால் அது சுருக்கம், விட்டுவிடு. "தேஞ்சது வேற, கெட்டது வேற." பட்டறையில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஸ்பேனர் கிடையாது.

தம்பி வேறு அச்சு. சிரித்த முகம். வெள்ளை ஷூ. எண்ணெயும் தூசியும் மிதக்கிற பட்டறைக்குள் அந்த ஷூவில் ஒரு பொட்டு விழாமல் நாள் முழுக்க நடமாடுவான். அக்கா தேடிப் பிடித்து வருகிற வண்டிகளைப் படம் எடுப்பதும், வாங்குபவர்களிடம் தேனொழுகப் பேசுவதும், அக்கா துரத்திவிட்டவர்களைத் தெருமுனை வரை ஓடிப்போய்ச் சமாதானம் செய்து திருப்பிக் கூட்டி வருவதும் அவன் வேலை. அவன் இல்லையென்றால் கடையை எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும். அது அக்காவுக்குத் தெரியும், அதற்காகவும் அவன் மேல் கோபம்தான்.

இனி அந்த லான்சியா காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பலும் நீலமும் கலந்த நிறம். மழை வருவதற்கு முன்னால் வானம் ஒரு நிறத்தில் நிற்குமே, அது. அலுமினியத் தகடு போர்த்திய உடம்பு, முன்னால் நான்கு வட்ட விளக்குகள், ஆறு சிலிண்டர். ஒரு ட்ரம்பெட்காரரின் வீட்டு ஷெட்டில் நின்றது. அவர் நடன இசைக்குழுவில் வாசித்தவர், இறந்து கொஞ்ச காலமாகிறது. அவர் மனைவியைக் கடையில் எல்லாரும் ட்ரம்பெட் அம்மா என்றே குறிப்பிட்டார்கள். அக்காவுக்கு முன்னால் வேறு வியாபாரிகள் அங்கே போயிருந்தார்கள். ஒருவருக்கும் அந்த அம்மா கொடுக்கவில்லை.

அக்கா போனாள், வழக்கம்போல டிக்கியில் தலையை விட்டாள், மோந்தாள். வசவு வரவில்லை. பிறகு ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்தவள் நின்றுவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே, கதவின் மேல் விளிம்பில், ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெயின்டே இல்லை. தேய்ந்து தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் வெளியே வந்து மழமழவென்று மின்னியது. அதைச் சுற்றி நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி முடிந்திருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே ஊன்றி ஒரு வாழ்நாள் முழுக்க யாரோ ஓட்டிய தடம்.

உள்ளே ஏறி உட்கார்ந்தபோது அக்காவின் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் தள்ளி, அப்படியே இறுகிப்போயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் ட்ரம்பெட்காரர் நல்ல உயரம்.

"ஓட்டினது நீங்களாம்மா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வந்தவங்க எல்லாம் அவரோட வண்டி, அவரோட கைன்னே பேசினாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். அவருக்கு ஓட்டவே தெரியாதும்மா. கச்சேரி முடிச்சு வந்து பக்கத்துல உக்காந்தா ட்ரம்பெட்டக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்கிடுவாரு. ஊர் ஊரா, எல்லா ரோட்டுலயும் நான்தான். தூக்கம் வராம இருக்கக் கைய வெளிய போட்டுக்குவேன். காத்து அடிக்கும்ல."

வண்டியை அக்காவுக்கே கொடுத்தார். இரண்டு விஷயம்தான் கேட்டார். "யாருக்கு வேணா குடு. பெயின்ட் மட்டும் அடிச்சிடாத கண்ணு. அப்புறம், வாங்குறவன் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்ன அதுல உக்கார வெச்சுடு. ஓட்டல்லாம் வேணாம். சும்மா கைய வெச்சுட்டு எறங்கிடறேன்."

"நான் இருக்கேன்ல. ஒருத்தன் தொட மாட்டான்" என்றாள் அக்கா. வாக்குக் கொடுப்பதில் அவள் சிக்கனம். கொடுத்தால் கொடுத்ததுதான்.

அடுத்து ஒரு வண்டியை மோந்து பார்க்க அவள் வெளியூர் போயிருந்த நேரத்தில்தான் பில்டர் வந்தார். அடுக்குமாடி கட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. லான்சியாவைச் சுற்றி வந்து, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டி, "வடிவம் சூப்பர். கலர்தான் அழுது வடியுது. இத்தாலி வண்டின்னா செவப்பா இருக்கணும் தம்பி. செவப்பா இருந்தா நாளைக்கே எடுத்துக்குறேன்" என்றார். தம்பி சிரித்தான். பெயின்டரைக் கூப்பிட்டான்.

திரும்பி வந்த அன்றைக்கு அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பட்டறை நடுவில் தக்காளி மாதிரி ஒரு கார் நின்றது. முதலில் அது என்ன வண்டி என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு நான்கு விளக்குகளைப் பார்த்தாள். ஒருமுறை சுற்றி வந்தாள். ஓட்டுநர் கதவின் விளிம்பில் கை வைத்தாள். கண்ணாடி போலிருந்தது. மேடில்லை, பள்ளமில்லை, அங்கே எதுவுமே நடந்ததில்லை என்பதுபோல.

மெக்கானிக் பெயின்டரின் காதில், "முள்ளே ஒடஞ்சுபோச்சு" என்றார்.

"யாரு கை வெச்சது?" அக்காவின் குரல் உயரவில்லை.

"தம்பி சொன்னாருக்கா" என்று பெயின்டர் கையைப் பிசைந்தார். "உங்ககிட்ட கேட்டாச்சுன்னாரு. ஆனா பழசச் சொரண்டலக்கா. மனசு வரல. லேசாத் தேச்சுட்டு மேலயே அடிச்சேன்."

தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "அக்கா, கோவப்படாமக் கேளு. எவ்ளோ அம்சமா இருக்கு பாரு. துக்க வீட்டுலருந்து வந்த மாதிரி இருந்துச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டேன்."

வசவு இப்போது வந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"கல்யாணப் பொண்ணா? அது என்ன உன் வீட்டுச் சுவரா, வெள்ளையடிக்க? இத்தாலிக்காரன் எல்லாம் செவப்புச் சட்டையத் தவிர வேற போடுறதே இல்லன்னு எவன்டா உனக்குச் சொன்னான்? அந்தம்மா ஒரு ஆயுசு முழுக்கத் தேச்சு வெச்சத ஒரே வாரத்துல மூடிட்டியே, பாவி! இனி அத யாரால திருப்பித் தேய்க்க முடியும்? உன்னாலயா? என்னாலயா?"

"தேஞ்சுபோன இடத்தச் சரி பண்றதுதானேக்கா நம்ம தொழிலு?"

"தேஞ்சது வேற, கெட்டது வேற! உனக்கு எத்தன தடவடா சொல்லியிருக்கேன்!"

தம்பியின் சிரிப்பும் அத்தோடு காணாமல் போனது. அவனுக்கும் பல வருடங்களாக உள்ளே புகைந்துகொண்டிருந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது.

"சொல்லுவே. சொல்லிட்டே இருப்பே. நீ போய் மோந்து பாத்து இழுத்துட்டு வந்துடுவே. யாருக்கா விக்கிறது? வர்றவனையெல்லாம் நீ விரட்டி விட்டா, ஒவ்வொருத்தன் பின்னாலயும் நான்தான் நாய் மாதிரி ஓடுறேன். என்னிக்காவது திரும்பிப் பாத்திருக்கியா? ஒரு ஆளு மனசார ஆசப்பட்டுக் கேட்டாரு. செஞ்சு குடுத்தேன். அந்தாளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழம எடுத்துட்டுப் போறாரு. அவ்வளவுதான்."

"நீயும் வாக்குக் குடுத்துட்டே. நல்லா இருக்கு."

வெளியூர் போகும் அந்தப் பையில் அவள் எப்போதும் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பாள். இரும்பு வண்டிகளில் துருவைப் பட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்க. பட்டி இருந்தால் காந்தம் ஒட்டாது. அதை எடுத்துத் தன் பலம் கொண்டமட்டும் வீசினாள். வண்டி மேல் வீச அவளுக்குக் கை வராது. தம்பி மேல் வீசவும் வரவில்லை போலிருக்கிறது. அது வாசலைத் தாண்டிப் போய் அப்பாவின் தகரப் பலகையில் டங்கென்று அடித்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிரதர்ஸ் என்ற எழுத்தின் மேல் கைக்குட்டை தொங்கியது. அதை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு அந்த வாரம் அக்கா யாரையும் திட்டவில்லை. பட்டறைக்கு அது பழக்கமில்லாத அவஸ்தை. போனைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். வியாபாரிகள், சுங்கக்காரர்கள், லாரிக்காரர்கள் என்று எல்லாரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தெரிந்தவளுக்கு, ஒரு வயதான அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் எழவில்லை.

தம்பிதான் வழி சொன்னான். அவனுக்கும் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. "வண்டி போயிடுச்சுன்னு சொல்லிடலாம்க்கா. அவசரமா எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு. அந்தம்மா செவப்பப் பாக்கவே வேணாம். பழைய கலர்லயே ஞாபகம் வெச்சுக்கட்டும். பாவம், வயசானவங்க."

ஒரு நொடி அந்தப் பொய் அக்காவுக்கும் சௌகரியமாகத்தான் பட்டது. பட்டதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. "பட்டி பூசுறே" என்றாள். "வண்டிக்குப் பூசினது பத்தாதுன்னு அந்தம்மாவுக்கும் பூசுறே. வரட்டும். பாக்கட்டும். என்னத் திட்டட்டும். நான் நின்னு வாங்கிக்கிறேன்." போனை எடுத்து, "ஞாயித்துக்கிழம வாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பில்டர்தான் முதலில் வந்தார். கார் ஓட்டுவதற்கென்றே சிவப்புத் தோல் கையுறை வாங்கிப் போட்டிருந்தார். போனட்டைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தம்பி ஷூவைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான், ஆனால் பேச்சில் தேன் ஒழுகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ரம்பெட் அம்மா டாக்சியில் வந்து இறங்கினார். குட்டைக் கை வைத்த சட்டை. முழங்கையில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. உள்ளே வந்து, சிவப்பு வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து, அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"எங்க கண்ணு நம்ம வண்டி?"

"இதுதாம்மா" என்றாள் அக்கா.

அந்த அம்மா திரும்பி வண்டியைப் பார்த்தார். விளக்குகளை, கண்ணாடியை, கதவை. அக்கா பேசத் தொடங்கினாள். "நான் ஊர்ல இல்லாதப்ப நடந்துச்சு. ஆனா என் கடை, நான் குடுத்த வாக்கு. என்ன வேணும்னாலும் சொல்லுங்க." கோபத்தில் அவளுக்கு வரும் குரல் எதுவும் வரவில்லை. ஏப்ரன் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உக்காரலாம்ல?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார். சீட் அதே இடத்தில் இறுகி நின்றது. அவர் கால் பெடலில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்றி ஜன்னலை இறக்கினார். ஸ்டியரிங்கில் ஒரு கை. இன்னொரு முழங்கையை எடுத்து, பார்க்காமலே, பழகிய இடத்தில் வைத்தார்.

கை சறுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடியும் சறுக்கி உள்ளே விழுந்தது.

"வழுக்குது" என்றார். புகாராகச் சொல்லவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் வருகிறவர் மாதிரி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா போனாள். பெயின்டரின் அலமாரிக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. ஒரு கையில் உப்புத்தாள் கட்டும் இன்னொரு கையில் தண்ணீர்க் குவளையுமாகத் திரும்பி வந்து, கதவுக்கு வெளியே முட்டி போட்டு உட்கார்ந்தாள். தாளைக் குவளையில் முக்கி எடுத்து, ஜன்னலின் கீழ் விளிம்பில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

பில்டர் ஓடி வந்தார். "ஐயோ, என்னம்மா பண்றீங்க! என் வண்டிம்மா அது!"

"இன்னும் ஆகல" என்றாள் அக்கா, நிமிராமல். "இந்தக் கை இல்லாம இந்த வண்டி இல்ல. இதோட வேணும்னா எடுங்க. வேணாம்னா வாசல் தொறந்துதான் இருக்கு. தம்பி, தண்ணி ஊத்து."

தம்பி அசையவில்லை. பில்டரின் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றான். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அக்காவின் கையிலிருந்த குவளையை எடுத்தது. ட்ரம்பெட் அம்மா சாய்த்து, அளவாக ஊற்றினார்.

முதலில் மேலிருந்த பளபளப்புப் பூச்சு தேய்ந்து வந்த தண்ணீர் பால் மாதிரி இருந்தது. பிறகு சிவந்தது. கதவு வழியாக இறங்கி, தரையில் ஓடி, வெள்ளை ஷூ வரைக்கும் போனது. அவன் காலை எடுக்கவில்லை. அக்காவின் தோள் ஏறி ஏறி இறங்கியது. சிவப்புக்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு வந்தது, அதைத் தாண்டியதும் ஓரத்தில் நகக்கீற்று அளவுக்கு அந்தப் பழைய நீலம், நடுவில் உலோகம். அவள் நிறுத்தி, ஏப்ரனால் துடைத்து, தள்ளி உட்கார்ந்தாள்.

ட்ரம்பெட் அம்மா முழங்கையை எடுத்து அதன் மேல் வைத்தார். அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ரோட்டில் போகிறவர் மாதிரி ஒரு நிமிடம் இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால, கண்ணு" என்றார்.

அக்கா தாளை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அரை விரல் பின்னால் நகர்ந்து, மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.